காணாமற்போன குடிகாரர்

1655ஆம் ஆண்டு. அமெரிக்கா என்றொரு நாடு பிறக்க இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஆங்கிலேயர்கள் குடியேறியிருந்த வர்ஜீனியாவில் ஆட்சி மன்றத்துக்கு ஒரு தலைவலி. குடியேறியவர்கள் கூடிக் குடித்தார்கள். உற்சாகம் ஏறியதும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே துப்பாக்கிச் சத்தம்தான் அபாயச் சங்கு. பூர்வகுடிகள் தாக்க வருகிறார்கள் என்பதை அடுத்த பண்ணைக்குத் தெரிவிக்க அதைவிட்டால் வழி இல்லை. குடித்துவிட்டுச் சுட்டவர்களால் எது எச்சரிக்கை, எது கும்மாளம் என்றே தெரியாமல் போனது. மன்றம் சட்டம் போட்டது: குடிக்கும் இடத்தில் சுட்டால் 100 பவுண்டு புகையிலை அபராதம். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் விலக்கு. சட்டம் போட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், சட்டமும் மறந்துபோனது. 368 ஆண்டுகள் கழித்து அதை ஒரு நீதிமன்றம் தூசி தட்டி எடுக்கப்போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்?

நியூயார்க்கில் பிரச்சினை புத்தாண்டோடு வந்தது. துப்பாக்கியும் கையுமாக ஒரு கும்பல் வீடு வீடாகப் போகும்; வாசலில் சுட்டு வாழ்த்துச் சொல்லும்; வீட்டுக்காரர் ஊற்றிக் கொடுப்பதைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகரும். கடைசி வீட்டுக்கு வருவதற்குள் குழல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது சுடுபவருக்கே தெரியாது. 1771இல் அங்கும் சட்டம் வந்தது. டிசம்பர் 31, ஜனவரி 1, ஜனவரி 2 ஆகிய நாட்களில் வீடுகளிலும் தெருக்களிலும் சுடக் கூடாது. மூன்றாம் தேதி பழையபடி சுட்டுக்கொள்ளலாம். வர்ஜீனியா சட்டத்துக்கும் நியூயார்க் சட்டத்துக்கும் ஓர் ஒற்றுமை இருந்தது. இரண்டும் சுடுவதைத்தான் தடுத்தன. குடிக்கிறவர் என்பதற்காக யார் வீட்டுத் துப்பாக்கியையும் பிடுங்கவில்லை.

பிடுங்குவதென்று இறங்கியிருந்தால் நாட்டை உருவாக்கியவர்கள் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டியிருந்திருக்கும். ஜான் ஆடம்ஸ் காலை உணவோடு புளித்த ஆப்பிள் மது குடிப்பவர். ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதிப் பதவி முடிந்து ஊர் திரும்பியதும் விஸ்கி வடிசாலை நடத்தினார்; 1799இல் அதில் இறங்கிய சரக்கு ஏறக்குறைய 11,000 காலன். இப்படிப்பட்ட தேசத்தில்தான் 1791 டிசம்பர் 15 அன்று அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் அமலுக்கு வந்தது. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமையில் கை வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் மொத்தம் 27 சொற்கள். அவற்றில் குடியும் இல்லை, போதையும் இல்லை. இல்லாத அந்த இரண்டும் பின்னால் பெரிய வம்பாக வளர்ந்தன.

உள்நாட்டுப் போர் முடிந்ததும் சில மாநிலங்கள் விழித்துக்கொண்டன. 1867இல் கன்சாஸ், 1883இல் மிசௌரியும் விஸ்கான்சினும் குடிபோதையில் கைத்துப்பாக்கியோடு திரிவதைக் குற்றமாக்கின. இங்கும் போதையில் இருக்கும் நேரம்தான் கணக்கு. தெளிந்தவரைத் தொடவில்லை. அபின், மார்ஃபின் பக்கம் எவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவை மருந்துக் கடையில் கேட்டதும் கிடைத்தன. 1914இல் ஹாரிசன் சட்டம் அவற்றைப் பிடித்துக் கட்டிய பிறகுதான் ‘போதை அடிமை’ என்ற புதிய மனிதர் சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்தார். அவரையும் துப்பாக்கியையும் ஒரே வரியில் உட்காரவைக்க ஓர் ஒலிம்பிக் வீரர் வர வேண்டியிருந்தது.

கார்ல் ஃபிரடெரிக் 1920ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிச் சுடுதலில் 3 தங்கம் வென்றவர். தொழில் வக்கீல். மாநிலங்கள் தங்கள் சட்டசபையில் அப்படியே எடுத்து நிறைவேற்றிக்கொள்ள ஒரு மாதிரிச் சட்டம் தயாரானபோது அந்த வேலையில் ஆலோசகராக இருந்தார். 1930இல் வெளியான அந்த மாதிரிச் சட்டம் கைத்துப்பாக்கியை யார் கையில் கொடுக்கக் கூடாது என்று பட்டியல் போட்டது: 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர், போதை அடிமை, மொடாக்குடியர், சித்தம் கலங்கியவர். போதை அடிமையும் மொடாக்குடியரும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். இந்தப் பட்டியலுக்குத் துணைநின்ற ஃபிரடெரிக் பின்னாளில் ஒரு சங்கத்துக்குத் தலைவரானார். துப்பாக்கிக் கட்டுப்பாடு என்றாலே இன்று கொதித்தெழும் என்.ஆர்.ஏ. என்ற தேசிய ரைபிள் சங்கம்தான் அது!

1933 டிசம்பரில் மதுவிலக்கு முடிந்தது. குடி மறுபடி சட்டத்துக்கு உட்பட்ட பழக்கமானது. 1934இல் மத்திய அரசு இயந்திரத் துப்பாக்கிகளுக்கு வரி போட்டது. 1938இல் வன்முறைக் குற்றவாளிகளுக்குத் துப்பாக்கி போய்ச் சேருவதைத் தடுத்தது. இரண்டிலும் போதை அடிமை இல்லை, குடிகாரரும் இல்லை. மாதிரிச் சட்டத்தின் பட்டியல் சில மாநிலங்களோடு நின்றுபோனது. அடுத்த கால் நூற்றாண்டுக்கு வாஷிங்டனில் இந்தப் பேச்சு அடங்கிக் கிடந்தது. ஒரு பத்திரிகை விளம்பரத்தின் கூப்பன் அதைக் கிளப்பியது.

1963 பிப்ரவரி மாத ‘அமெரிக்கன் ரைபிள்மேன்’ இதழில் சிகாகோவின் கிளைன்ஸ் கடை ஒரு விளம்பரம் கொடுத்திருந்தது. தொலைநோக்கி பொருத்திய பழைய இத்தாலிய ராணுவ ரைபிள், விலை 19.95 டாலர். மார்ச் மாதம் டல்லாஸிலிருந்து கூப்பன் ஒன்று வந்தது. கூடவே தபால் செலவையும் சேர்த்து 21.45 டாலருக்கு மணியார்டர். பெயர் ‘ஏ. ஹிடெல்’. முகவரிக்குப் பதில் ஒரு தபால் பெட்டி எண். வாங்குபவர் யார், எப்படிப்பட்டவர் என்று கேட்க வேண்டிய அவசியமே கடைக்கு இல்லை. பார்சல் போய்ச் சேர்ந்தது. ‘ஹிடெல்’ என்பது லீ ஹார்வி ஆஸ்வால்டின் புனைபெயர். அந்த ரைபிள் நவம்பர் 22 அன்று ஜனாதிபதி கென்னடியைக் கொன்றது.

இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே பயந்த ஒருவர் செனட்டில் இருந்தார். தாமஸ் டாட், நியூரம்பர்க் விசாரணையில் நாஜிகளுக்கு எதிராக வாதாடிய வக்கீல். அவருடைய மாநிலம் கனெக்டிகட், கோல்ட் உள்ளிட்ட பேர்பெற்ற துப்பாக்கிக் கம்பெனிகளின் ஊர். சிறார் குற்றங்களை ஆராயும் துணைக் குழுவுக்குத் தலைவராக இருந்த அவர் இரண்டு சங்கதிகளைத் துருவிக்கொண்டிருந்தார். ஒன்று, தபாலில் வரும் மலிவுத் துப்பாக்கி. மற்றொன்று, இளைஞர்கள் கையில் புழங்கிய தூக்க மாத்திரையும் ஊக்க மாத்திரையும். தபால் வழிக் கைத்துப்பாக்கிக்குக் கடிவாளம் போடும் மசோதாவை 1963 ஆகஸ்டிலேயே கொண்டுவந்தார். கென்னடி கொல்லப்பட்டதும் அதில் ரைபிளையும் சேர்த்தார். நாடே அழுதுகொண்டிருந்த நேரம்; மசோதா ஓடிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது நகரவே இல்லை.

1964 போனது. 1965 போனது. 1966 ஆகஸ்டில் டெக்சஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒருவன் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டான், மசோதா அசையவில்லை. 1967இல் டாட் மீதே இடி விழுந்தது: தேர்தல் நிதியைச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தியதற்காக செனட் அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. மனிதரும் முடிந்தார், மசோதாவும் முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். அப்போது வந்தது 1968.

ஏப்ரல் 4 அன்று மெம்பிஸில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். ஜூன் 5 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். மறுநாள் உயிர் பிரிந்தது. ஐந்து ஆண்டுகள் கிடப்பில் கிடந்த கட்டுப்பாடுகள் சில மாதங்களில் கரையேறின. அக்டோபர் 22 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவுசெய்ய வேண்டும், வைத்திருப்பவர் எல்லோருக்கும் உரிமம் வேண்டும் என்ற அவருடைய ஆசை நிறைவேறவில்லை. பதிலாகக் கிடைத்தது ஒரு பட்டியல். தண்டனை பெற்ற குற்றவாளிக்கு விற்கக் கூடாது. தேடப்படுபவருக்குக் கூடாது. சித்தம் கலங்கியவர் என்று தீர்மானிக்கப்பட்டவருக்குக் கூடாது. கஞ்சாவையோ, மயக்க, ஊக்க மருந்துகளையோ, அபின் வகைகளையோ சட்டத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்துபவருக்கும் அவற்றுக்கு அடிமையானவருக்கும் கூடாது. 1930இன் பட்டியலை நினைவில் வைத்திருந்தவர் யாராவது அன்று இதைப் படித்திருந்தால் ஒரு நாற்காலி காலியாக இருப்பதைக் கவனித்திருப்பார். மொடாக்குடியரைக் காணோம்.

சட்டம் வந்துவிட்டது. எதிரே நிற்பவர் கஞ்சா புகைப்பவரா என்று கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. ரத்தப் பரிசோதனை செய்யக் கடை ஒன்றும் ஆஸ்பத்திரி இல்லை. அரசாங்கம் இதற்குக் கண்ட வழி மிகவும் எளிமையானது. கேட்டுவிடுவது!

அப்படிப் பிறந்ததுதான் அமெரிக்காவின் உரிமம் பெற்ற ஒவ்வொரு துப்பாக்கிக் கடையிலும் இன்றைக்குக் கவுண்டருக்கு மேலே நீட்டப்படும் 4473ஆம் எண் படிவம். வாங்க வந்தவர் வரிசையாக ‘ஆம்’, ‘இல்லை’ கட்டங்களில் குறியிட்டுக்கொண்டே போவார். அவற்றில் ஒரு கேள்வி: கஞ்சாவையோ, மயக்க, ஊக்க, அபின் வகை மருந்துகளையோ, கட்டுப்படுத்தப்பட்ட வேறு பொருளையோ சட்டவிரோதமாகப் பயன்படுத்துபவரா, அல்லது அவற்றுக்கு அடிமையானவரா? ‘ஆம்’ என்றால் துப்பாக்கி கிடையாது. ‘இல்லை’ என்று பொய் சொன்னால் 10 ஆண்டு வரை சிறை. இந்தப் படிவத்தைக் கவனிக்கும் பொறுப்பு அன்று யாரிடம் போனது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. வரித் துறைக்குள் சாராயத்துக்கும் புகையிலைக்கும் வரி வசூலித்துக்கொண்டிருந்த பிரிவு அது. 1968இல் அதன் பெயரோடு துப்பாக்கியும் ஒட்டிக்கொண்டது, ஏ.டி.எஃப். என்ற மூன்றெழுத்து அப்படி வந்தது. பெயரின் முதல் எழுத்திலேயே மதுவை வைத்திருந்தவர்களின் படிவத்தில் மதுவைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

1986இல் என்.ஆர்.ஏ. நெடுநாள் போராடிக் கேட்ட சட்டம் ஒன்று வந்தது. பெயரே துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம். 1968இன் பிடியைத் தளர்த்துவதே அதன் வேலை. ஆனால் சிதறிக் கிடந்த பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியபோது முடிச்சு ஓரிடத்தில் இறுகிவிட்டது. அதுவரை போதைப் பழக்கம் உள்ளவர் துப்பாக்கியை வாங்கிப் பெறுவதும் அனுப்புவதும்தான் குற்றம். இனி அலமாரியில் வைத்திருப்பதே குற்றம். உரிமையாளர்களைக் காக்க வந்த சட்டம் லட்சக்கணக்கான உரிமையாளர்களைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அப்போதைக்கு யாரும் அலறவில்லை. கஞ்சா எங்கும் குற்றமாக இருந்தவரை அந்தப் பிரிவுக்கு வக்காலத்து வாங்கவும் ஆள் இல்லை, எதிர்க்கவும் ஆள் இல்லை.

1996இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் கஞ்சாவை மருந்தாக ஏற்றார்கள். மாநிலம் மாநிலமாக அது பரவியது. டாக்டர் சீட்டு, மாநில அரசின் அட்டை, கண்ணாடி அலமாரி வைத்த கடை என்று கஞ்சா கௌரவமாகிவிட்டது. மத்திய அரசின் கணக்கில் மட்டும் அது பழையபடி குற்றம். நோயாளிகள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிடுவது? 2011 செப்டம்பரில் ஏ.டி.எஃப். கடைக்காரர்களுக்குக் கடிதம் அனுப்பியது: மருத்துவக் கஞ்சா அட்டை வைத்திருப்பவருக்கு விற்காதே. அடுத்த மாதமே நெவாடாவில் அட்டை வைத்திருந்த ஒரு பெண்ணை அவருக்குத் தெரிந்த கடைக்காரரே திருப்பி அனுப்பினார். அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போனார். 2016இல் ஒன்பதாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். கேள்விக்குக் கீழே புதிதாக ஓர் எச்சரிக்கை முளைத்தது: குடியிருக்கும் மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வமானாலும் மத்திய சட்டப்படி அது குற்றமே. படிவம் ஜெயித்துவிட்டதுபோலத் தெரிந்தது. அஸ்திவாரத்தில் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது.

விரிசல் விழுந்த வருடம் 2008. தலைநகர் வாஷிங்டனின் கைத்துப்பாக்கித் தடையை ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று உடைத்தது. ஆயுதம் தனிமனித உரிமை என்று எழுதிய நீதிபதி ஸ்காலியா, பழைய தடைகள் சில தப்பிக்கும் என்றும் ஆறுதல் சொன்னார். குற்றவாளிகளுக்கான தடை, மனநோயாளிகளுக்கான தடை என்று பெயர் சொல்லி எழுதினார். போதைப் பழக்கம் உள்ளவர்களைக் குறிப்பிடவில்லை. ஒரு பட்டியலில் குடிகாரர் விடுபட்டார். இன்னொன்றில் கஞ்சாக்காரர் விடுபட்டார். 2022 ஜூன் 23 அன்று விரிசல் பிளவானது. புரூயன் வழக்கில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் புதிய விதி வகுத்தார்: துப்பாக்கிச் சட்டம் நல்லது செய்யும் என்று சொன்னால் போதாது, நாட்டின் வரலாற்று மரபில் அதற்கு வேர் இருக்கிறதா என்று அரசு காட்ட வேண்டும். இரண்டே நாளில், உவால்டே பள்ளிப் படுகொலையின் சூடு ஆறுமுன், ஜனாதிபதி ஜோ பைடன் வேறொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். போதைப் பழக்கம் உள்ளவர் துப்பாக்கி வைத்திருந்தால் அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டிலிருந்து 15 ஆனது. அந்தப் பிரிவு தன் வீட்டுக் கதவையே தட்டும் என்று அன்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அரசு வக்கீல்கள் பழைய சட்டப் புத்தகங்களைத் தேடி ஓடினார்கள். 1791இல் கஞ்சாவுக்கு எதிராக ஒரு சட்டமும் இல்லை. பிறகு எதைக் காட்டுவது? ஒக்லஹோமாவின் லாடன் நகரில் சிவப்பு விளக்கைத் தாண்டிய காரிலிருந்து ஒரு வழக்கு வந்தது. காருக்குள் கஞ்சாவும் ரிவால்வரும். ஓட்டியவர் மருத்துவக் கஞ்சாக் கடை ஊழியர். அடிமைகள், கத்தோலிக்கர்கள், பூர்வகுடிகள், பிரிட்டிஷ் விசுவாசிகள் ஆகியோரிடமிருந்து ஆயுதம் பறித்த பழைய சட்டங்களை அரசுத் தரப்பு முன்னுதாரணமாக அடுக்கியது. நாடே வெட்கப்படும் சட்டங்களை முட்டுக்கொடுக்க எடுத்துவரும் நிலை! 2023 பிப்ரவரி 3 அன்று நீதிபதி பேட்ரிக் வைரிக் அவற்றை ஏற்க மறுத்து, அந்தப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று வழக்கைத் தள்ளினார். அடுத்த அடி நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்தது.

மிசிசிப்பியில் நம்பர் பலகை இல்லாத வண்டி ஒன்றை 2022 ஏப்ரலில் போலீஸ் நிறுத்தியது. சாம்பல் கிண்ணத்தில் கஞ்சா பீடித் துண்டுகள், வண்டிக்குள் தோட்டா நிரப்பிய இரண்டு துப்பாக்கிகள். மாதத்தில் பதினான்கு நாள் போலப் புகைப்பதாக ஓட்டியவரே ஒப்புக்கொண்டார். அன்று போதையில் இருந்தாரா என்று யாரும் சோதிக்கவில்லை. ஜூரி குற்றவாளி என்றது. ஏறக்குறைய 4 ஆண்டுச் சிறை. டேனியல்ஸ் வழக்கு என்று பேர்பெற்ற இது நியூ ஆர்லியன்ஸில் உள்ள ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தபோதுதான் வர்ஜீனியாவின் புகையிலை அபராதமும் நியூயார்க்கின் புத்தாண்டுத் தடையும் கன்சாஸ் சட்டமும் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. 2023 ஆகஸ்ட் 9 அன்று நீதிபதி ஜெர்ரி ஸ்மித் அவற்றைப் படித்துச் சொன்ன முடிவு இதுதான்: மரபு, போதையில் இருப்பவர் கையைத்தான் கட்டியது, தெளிந்திருப்பவரின் துப்பாக்கியைப் பழைய பழக்கத்தைக் காட்டிப் பறிக்கவில்லை. தண்டனை ரத்தானது. தீர்ப்பைக் கூர்ந்து படித்தவர்களில் ஜனாதிபதியின் மகனுடைய வக்கீல்களும் இருந்தார்கள்.

ஹன்டர் பைடன் 2018 அக்டோபர் 12 அன்று டெலவேர் மாநிலம் வில்மிங்டனில் கோல்ட் கோப்ரா ரிவால்வர் ஒன்றை வாங்கியிருந்தார். கிராக் கொக்கைன் அவரைப் பிடித்து ஆட்டிய காலம் அது. படிவத்தில் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று குறியிட்டார். துப்பாக்கி அவரிடம் இருந்தது 11 நாள். அவருடைய இறந்துபோன அண்ணனின் மனைவி அதைக் காரில் பார்த்து, பயந்து, ஒரு மளிகைக் கடையின் குப்பைத் தொட்டியில் போட்டார். மறுசுழற்சிப் பொருள் பொறுக்க வந்த முதியவர் ஒருவர் எடுத்துப் போனார். ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. சிறையில்லாமல் முடிந்திருக்க வேண்டிய சமரசம் 2023 ஜூலை 26 அன்று நீதிபதியின் முன்னால் உடைந்தது. டேனியல்ஸ் தீர்ப்பு வந்தது சரியாக இரண்டு வாரம் கழித்து.

அதன் பிறகு நடந்தது நாடகக்காரர்கள்கூட எழுதத் துணியாத காட்சி. தந்தையின் நீதித் துறை அந்தப் பிரிவைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. மகனின் வக்கீல்கள் அதே பிரிவை உடைக்க இரண்டாம் திருத்தத்தைக் கையில் எடுத்தார்கள். டெலவேர் நீதிபதி மகனின் வாதத்தை ஏற்கவில்லை. 2024 ஜூனில் விசாரணை. அரசுத் தரப்பு ஹன்டரின் தன்வரலாற்று நூலையே சாட்சியாக்கியது. போதை நாட்களைப் பற்றி அவரே வாசித்த ஒலிநூல் அவர் குரலிலேயே கோர்ட்டில் ஒலித்தது. ஜூன் 11 அன்று 3 குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்றது ஜூரி. டிசம்பர் 1 அன்று தந்தை மன்னிப்பு வழங்கினார். மகன் தப்பினார், படிவத்தின் கேள்வி தப்புமா என்பது அன்று முடிவாகவில்லை.

ஹன்டர் வழக்கில் ஜூரியின் தீர்ப்பு வந்து பத்தே நாளில் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்திருந்தது. குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை ரஹிமி வழக்கில் 8-1 என்று உறுதிசெய்தது. பழைய சட்டத்தின் அச்சு அசலான நகல் தேவையில்லை, அதன் தத்துவம் ஒத்துப்போனால் போதும் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். டேனியல்ஸ் தீர்ப்பு மறுபரிசீலனைக்குத் திரும்பியது. அரசு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஆனால் ஐந்தாம் சர்க்யூட் அசையவில்லை. 2024 ஆகஸ்டில் எல் பாசோ நகரப் பெண் ஒருவரின் வழக்கிலும், 2025 ஜனவரியில் டேனியல்ஸ் வழக்கிலும் பழைய முடிவுக்கே வந்து நின்றது. எட்டாம் சர்க்யூட்டோ 2024இலேயே மனநோயாளிகளைப் பூட்டி வைத்த பழைய மரபைக் காட்டி, சட்டத்தை அடியோடு செல்லாததாக்க முடியாது என்று சொல்லியிருந்தது. ஒரே பிரிவு, ஊருக்கு ஒரு நீதி.

ஃபுளோரிடாவில் வழக்குப் போட்டவர் மாநில அமைச்சரே. வேளாண் ஆணையர் நிக்கி ஃபிரைட் மருத்துவக் கஞ்சா அட்டை வைத்திருந்தவர். ஆயுதம் ஏந்தும் அனுமதியும் வைத்திருந்தவர். அந்த அனுமதிகளை ஃபுளோரிடாவில் வழங்குவதே வேளாண் துறைதான். கஞ்சாப் பிரியர்கள் கொண்டாடும் ஏப்ரல் 20ஆம் தேதியாகப் பார்த்து 2022இல் வழக்கைத் தொடுத்தார். கீழ்க்கோர்ட் தள்ளியது. அவர் பதவியிலிருந்து போனார். நோயாளிகள் வழக்கை விடவில்லை. 2025 ஆகஸ்டில் பதினோராம் சர்க்யூட் அதற்கு உயிர் கொடுத்தது: டாக்டர் சொல்லி மருந்து சாப்பிடுபவரைக் குற்றவாளியோடும் அபாயகரமான போதை அடிமையோடும் ஒரே தட்டில் வைக்க அரசு போதிய காரணம் காட்டவில்லை என்றது. இத்தனை கோர்ட்டுகள் இத்தனை விதமாகப் பேசிய பிறகு உச்ச நீதிமன்றம் எத்தனை நாள் சும்மா இருக்கும்?

2025 அக்டோபர் 20 அன்று அது டெக்சஸிலிருந்து வந்த ஹேமானி வழக்கை விசாரிக்க ஒப்புக்கொண்டது. வீட்டுச் சோதனையில் கைத்துப்பாக்கியும் கஞ்சாவும் கிடைத்தன; ஒன்றுவிட்டு ஒரு நாள் புகைப்பதாக ஒப்புதல். அவ்வளவுதான் வழக்கு. ஆனால் அணிவகுப்பைப் பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். துப்பாக்கி உரிமையின் காவலன் என்று முழங்கிய டிரம்ப் அரசு தடையைக் காப்பாற்ற வந்தது. இரண்டாம் திருத்தம் தனிமனித உரிமை என்பதையே ஒரு காலத்தில் ஏற்காத ஏ.சி.எல்.யூ. என்ற சிவில் உரிமைச் சங்கம் துப்பாக்கி வைத்திருந்தவருக்காக வாதாட வந்தது. அரசுத் தரப்பு நம்பிய பெரிய ஆயுதம்தான் எல்லாவற்றையும்விட விசித்திரம்: மொடாக்குடியர்களை அலைந்து திரிபவர்கள் என்று அடைத்துவைத்த பழைய மாநிலச் சட்டங்கள்! 1968இன் பட்டியலில் இடம் பெறாத குடிகாரரைத்தான் அந்தப் பட்டியலைக் காப்பாற்றக் கூண்டிலேற்ற வேண்டியிருந்தது.

மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஜெயித்தவர்கள் எல்லோரும் தனித்தனியாகத் தப்பினார்கள். இந்தச் சட்டம் இவர் விஷயத்தில் செல்லாது என்றே பெரும்பாலும் தீர்ப்பு எழுதினார்கள். சட்டம் புத்தகத்திலேயே இருந்தது. எனவே ஹேமானி வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போன நாளிலும் கடைகளில் நீட்டப்பட்டது அதே 4473தான். ‘மயக்க மருந்து, ஊக்க மருந்து’ என்று டாட் காலத்துச் சொற்களிலேயே அதன் கேள்வி நின்றது. கஞ்சா சட்டபூர்வமான மாநிலத்தில் ஒரு நோயாளி அதை உண்மையாக நிரப்பினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற, தினமும் ஒரு புட்டி விஸ்கியைக் காலிசெய்பவர், அதே கேள்விக்கு ‘இல்லை’ என்று குறியிடலாம். அதில் ஒரு சொல்லும் பொய்யாகாது.